முப்பத்தெட்டாம் டோக்கன்

அந்தக் குழந்தைகள் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவரை எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ஒரு மழை நாளில் படியில் வழுக்கி விழுந்து, இடது முழங்கால் மடங்காமல் போனபிறகு அந்த வேலையை விட்டார். டாக்டரம்மாவுக்கு ஆள் தேவை என்று யாரோ சொல்ல, இங்கே வந்து சேர்ந்தார். தோல் பை போயிற்று, விசில் போயிற்று. குரல் மட்டும் போகவில்லை. "வழியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க" என்று அவர் சொன்னால், காத்திருக்கிறவர்கள் தங்களை அறியாமல் இரண்டடி நகர்ந்து நிற்பார்கள்.

கிளினிக் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நீளமான ஒரு கூடம், சுவரோரம் ஐந்து பெஞ்சு, குழந்தையைக் கிடத்தி எடை பார்க்க ஒரு தட்டு, மேலே ஒரு கடிகாரம். கூடத்தின் கோடியில் டாக்டரம்மாவின் அறை. அதற்கு அரைக்கதவுதான், உள்ளே பேசுவதில் பாதி வெளியே கேட்கும். கதவை ஒட்டிக் கண்டக்டரின் ஸ்டூல்.

வரிசை விஷயத்தில் அவர் கறாரானவர். கடைத்தெரு முதலாளி காரில் வந்து இறங்கினாலும் சரி, பக்கத்து ஸ்கூல் தலைமை ஆசிரியை வந்தாலும் சரி, நம்பர்படிதான். "யார் வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் மூக்கு ஒரே மூக்குதாங்க" என்பார். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர் அசைந்துகொடுத்ததில்லை. கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வருகிற பெண்ணுக்கு யார் சிபாரிசு இருக்கிறது? அவளுக்கு அந்த அட்டைத் துண்டுதான் சிபாரிசு. அதை ஏமாற்றிவிடக்கூடாது என்று அவர் உண்மையாகவே நினைத்தார்.

அவசரமென்றால் உடனே உள்ளே விடலாம் என்று டாக்டரம்மா சொல்லித்தான் இருந்தார். ஆனால் பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேர் "மூச்சு முட்டுது சார்" என்பார்கள். முட்டுவதாகச் சொன்ன பிள்ளை அதற்குள் பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்து யாருடைய செருப்பையாவது கடித்துக்கொண்டிருக்கும். இப்படி ஆறு வருஷம் பார்த்ததில் அந்த வார்த்தைக்கு அவர் காதில் மதிப்பில்லாமல் போயிருந்தது.

குளிர்காலம் வந்தால் கூடம் முழுக்க இருமல்தான். டாக்டரம்மா ஒவ்வொருவரிடமும் சொல்வது அவருக்கு மனப்பாடம். "சாதாரண சளிம்மா. வாரம், பத்து நாள் இருக்கும். இருமல் அதுக்கு மேலயும் கொஞ்ச நாள் இழுக்கும். இந்த வயசுக்கு இருமல் மருந்து வேண்டாம், அது நல்லது பண்ணாது. பெரியவங்களுக்கு வாங்கினத அளவு கொறச்சிக் குடுக்கற வேலையும் வேண்டாம். மூக்குல உப்புத்தண்ணி சொட்டு விடுங்க. பால் கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க." இந்த இடத்துக்கு வந்ததும் கண்டக்டர் எழுந்து அடுத்த நம்பரைக் கூவுவார். டாக்டரம்மா அதற்குப் பிறகும் ஏதோ சொல்வார், சற்றுத் தணிந்த குரலில். அதை மட்டும் அவருடைய கூவல் எப்போதும் அமுக்கிவிடும். ஆக, பேச்சின் முன்பாதியை அவர் ஆயிரம் தடவை கேட்டிருந்தார். பின்பாதியை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அவருக்கு ஒரே மகள். மனைவி போய் நாலு வருஷமாகிறது. மருமகன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் வெளியூர். அதனால் பிரசவத்துக்கு வந்த மகள் அப்பாவோடேயே இருந்துவிட்டாள். பேத்திக்கு அப்போது ஐந்து மாதம். கன்னமும் தொடையுமாக இருப்பாள். இவர் வைத்த பெயர் குண்டு.

குண்டுவுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை இருமல். அன்று சாயங்காலம் மகள் கேட்டாள்: "அப்பா, டாக்டரம்மாகிட்ட ஒரு தடவ காட்டிடலாமா?"

"மூக்கு ஒழுகினதுக்கெல்லாமா? தெனம் அறுபது மூக்கு பாக்கறேன் நான். சொட்டு விடு, பால் குடு, தானா போயிடும்."

தப்பான யோசனை இல்லை. அன்றைக்கு அது சரியாகத்தான் இருந்தது.

புதன்கிழமை காலை அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போது மகள் அறையிலிருந்து வந்தாள். "பால வாய்ல வெச்சா ரெண்டு இழுப்பு இழுக்கறா, விட்டுடறா. விடியக்காலையிலேர்ந்து இப்படித்தான் பண்றா."

"மூக்கு அடைச்சிருக்கும்."

"சொட்டு விட்டேம்ப்பா."

அவர் மணியைப் பார்த்தார். "சரி, உனக்கு மனசு கேக்கலன்னா வா. ஆனா மத்தவங்க மாதிரி வந்து டோக்கன் வாங்கு. கண்டக்டர் பொண்ணுன்னு அங்க யாரும் பேசிடக்கூடாது."

அன்று கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பருவம் மாறுகிற வாரம். எட்டு மணிக்கே இருபது டோக்கன் போய்விட்டது. ஒன்பதரைக்கு ஒரு பெண் இரட்டைக் குழந்தைகளோடு வந்தாள், தோளுக்கு ஒன்றாக. முப்பத்து மூன்றாம் நம்பர். "சார், ரெண்டுக்கும் ஜுரம். பெரியவன ஸ்கூல்லேர்ந்து கூப்பிடணும். கொஞ்சம் முன்னாடி விடறீங்களா?" என்றாள்.

"ரெண்டு புள்ளன்னா வேணா ரெண்டு டோக்கன் தரேம்மா. முன்னாடி விட முடியாது."

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

பத்தரைக்கு மகள் வந்தாள். தோளில் குண்டு. கண்டக்டர் யாரோ ஒருத்திக்குக் கொடுப்பதுபோல அட்டையை நீட்டினார். முப்பத்தெட்டு. அப்போது உள்ளே இருந்தது இருபத்திரண்டு. மகள் அட்டையை வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

ஐந்து நிமிஷம் கழித்து எடைத் தட்டைத் துடைக்கிற சாக்கில் அவள் பக்கம் போனார். "இருமலே காணோமே. நின்னுடுச்சா?"

"காலையிலேர்ந்து இருமல. ஆனா என்னமோ..." என்று அவள் தொடங்கினாள். அதற்குள் டெலிபோன் அடித்தது. அவர் போய்விட்டார். இருமல் நின்றுவிட்டது என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இருபத்து நாலைக் கூப்பிட்டபோது கூடத்தின் கோடிவரை ஒரு பார்வை ஓட்டினார். கூடம் முழுக்கச் சத்தம். ஒன்று வீறிட்டு அழுதது, ஒன்று இருமி இருமிச் சிவந்தது, ஒன்று அம்மாவின் வளையலைப் பிடித்துத் தொங்கியது. கடைசி பெஞ்சில் மட்டும் ஒரு குழந்தை அம்மாவின் தோளில் சத்தமே இல்லாமல் கிடந்தது. தூங்குகிறது என்று நினைத்தார். ஆனால் தூங்குகிற குழந்தையின் தலை ஆடாது. குண்டுவின் தலை மெல்ல, ஒவ்வொரு மூச்சுக்கும், முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.



இருபத்தைந்து உள்ளே போனதும் மறுபடி நடந்தார். குண்டுவின் கண் பாதி திறந்திருந்தது. தாத்தாவைக் கண்டால் காலை உதைக்கிறவள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்வை எங்கும் பதியவில்லை. மூக்கின் இரண்டு ஓரமும் விடைத்து விடைத்து அடங்கின. காதைக் கிட்டே கொண்டுபோனபோதுதான் அது கேட்டது. ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் "ம்... ம்..." என்று ஒரு சின்ன முனகல். சுமை தூக்குகிறவன் விடுகிற மாதிரியான மூச்சு.

"பால் எவ்வளவு குடிச்சா?"

"ஒண்ணுமே இல்லப்பா. ராத்திரி மாத்தின துணி, இன்னும் நனையக்கூட இல்ல."

அவர் குழந்தையின் சட்டையை இரண்டு விரலால் தூக்கினார். மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்பியது. ஆனால் விலா எலும்புக்குக் கீழே தோல் உள்ளே போய்ப் பள்ளம் விழுந்தது. விட்டால் நிமிர்ந்தது. இழுத்தால் மறுபடி பள்ளம். இப்படி ஒன்றை அவர் இதுவரை பார்த்ததில்லை. ஒருவேளை இந்தக் கூடத்திலேயே பல தடவை இருந்திருக்கும். எந்தச் சட்டையையும் அவர் தூக்கிப் பார்த்ததில்லை.

கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார். நிறைந்த பஸ்ஸில் எத்தனை பேர் என்று ஒரு பார்வையில் எண்ணிச் சொன்னவர். நாற்பதில் யாரோ "எத்தனாவது நம்பர் போகுதுங்க?" என்று கேட்க, எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி எண்ணினார். ஒரு நிமிஷம் முடியும்போது எழுபத்திரண்டு. இருக்காது, பயத்தில் ஒன்றை இரண்டாக எண்ணியிருப்பேன் என்று தோன்றியது.

அவர் தன் பயத்தையே நம்பவில்லை. அதுதான் பெரிய சங்கடம். நம் வீட்டுக் குழந்தை என்பதால்தான் இப்படித் தெரிகிறதோ? வேறு ஒருத்தி வந்து இதையே சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? உக்காருங்கம்மா, கூப்பிடறேன் என்று சொல்லியிருப்பேன். ஆறு வருஷமாக எத்தனை பேரை அப்படி உட்கார வைத்திருக்கிறேன். இன்றைக்குச் சொந்தப் பேத்தியை மட்டும் தூக்கிக்கொண்டு உள்ளே போனால், இந்த நாற்பது பேர் முகத்தில் எப்படி முழிப்பது?

இருபத்தேழு உள்ளே போயிற்று. அவர் அரைக்கதவின்மேல் கையை வைத்தபடி நின்றார்.

"சார்."

இரட்டைக் குழந்தைக்காரி. எழுந்து வந்திருந்தாள், இரண்டு தோளிலும் குழந்தைகளோடு. காலையில் நடந்ததற்குச் சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்தார்.

"அந்தக் கடைசி பெஞ்சுல ஒரு பாப்பா இருக்குதே, பாத்தீங்களா? மூச்சு விடறது சரியில்ல சார். இதுங்கள்ல சின்னவளுக்குப் போன வருஷம் இப்படி இருந்துச்சு. என் நம்பர் முப்பத்து மூணு. எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் முன்னாடி அதை விடுங்க. யாராவது கேட்டா நான் சொல்லிக்கறேன்."

"அது... என் பேத்திம்மா."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். "அதுக்காகவா உக்கார வெச்சிருக்கீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். அதற்கப்புறம் மடங்காத காலோடு அந்தக் கூடத்தை அவர் எப்படிக் கடந்தார், மகள் கையிலிருந்து குழந்தையை எப்படி வாங்கினார் என்பது அவருக்கே நினைவில்லை. யார் காலையோ மிதித்தார். மிதிபட்டவர் நகர்ந்து வழி விட்டார்.

டாக்டரம்மா ஒரு பையனின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து குண்டுவை ஒரே பார்வைதான் பார்த்தார். உடனே எழுந்துவிட்டார். "இங்க படுக்க வைங்க. சிஸ்டர், ஆக்ஸிஜன்." ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற ஒரு சின்னக் கிளிப்பைக் குழந்தையின் கால் விரலில் மாட்டினார்கள். அதில் எண் ஓடி நின்றது. எண்பத்தாறு. அது நல்லதா கெட்டதா என்று கண்டக்டருக்குத் தெரியாது. சிஸ்டரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"எத்தன நாளா சளி?"

"மூணாவது நாள்" என்றாள் மகள்.

"பால்?"

"காலையிலேர்ந்து குடிக்கல."

"எப்ப வந்தீங்க இங்க?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர்தான் பதில் சொன்னார்: "பத்தரைக்கு."

டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். பதினொன்றே கால் ஆகியிருந்தது. குழந்தையின் மார்பில் கையை வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது கண்டக்டருக்கு.

ஆம்புலன்ஸ் வரும்வரை டாக்டரம்மா மகளிடம் பேசினார். குழந்தையின் மார்பிலிருந்து கையை எடுக்காமலே பேசினார். "நெஞ்சுக்குள்ள இருக்கற சின்னச் சின்ன மூச்சுக் குழாயெல்லாம் வீங்கிச் சளி அடைச்சிருக்கு. பெரியவங்களுக்கு இதே கிருமி வெறும் ஜலதோஷமா வந்துட்டுப் போயிடும். இவ்வளவு சின்னக் குழாய்க்கு அது தாங்காது. இருமக்கூட இவகிட்ட தெம்பு இல்ல, அதான் சத்தம் இல்லாம இருக்கா. பெரிய ஆஸ்பத்திரியில வெச்சுப் பாத்துக்குவாங்க."

இருமல் நின்றதை நல்லது என்று நினைத்தேனே என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மகளும் குழந்தையும் ஆம்புலன்ஸ் நர்ஸோடு பின்னால் ஏறிக்கொள்ள, அவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வாழ்நாளில் பாதியை வண்டியில் கழித்தவருக்கு அந்த இருபது நிமிஷப் பாதை தெரியாத ஊர் மாதிரி இருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் பின்னால் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளின் முதுகு மட்டும் தெரிந்தது. முதுகு அசைந்துகொண்டிருந்தால் குழந்தை இருக்கிறது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கில் மெல்லிய குழாய் வைத்துக் காற்றுக் கொடுத்தார்கள். இன்னொரு குழாய் வழியாக மகளின் பாலையே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். மாத்திரை, ஊசி என்று எதையும் காணோம். வார்டு டாக்டர் சின்ன வயசுக்காரர். கண்டக்டர் அவரை வராந்தாவில் மறித்தார்.

"தம்பி, மருந்து ஒண்ணுமே குடுக்கலயே?"

"இந்தக் கிருமிய மருந்து ஒண்ணும் பண்ணாதுங்க ஐயா. காத்து, பால், அவ்வளவுதான். மத்தத அவ உடம்பே பாத்துக்கும். நாங்க கூடவே இருந்து பாத்துக்கறோம்."

"நாளைக்குச் சரியாயிடுமா?"

அவர் மழுப்பவில்லை. "நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம். மூணு, நாலு, அஞ்சு, இந்த நாளுங்கதான் உச்சம். அப்புறம் எறங்கும்."

சொன்னபடியே வியாழக்கிழமை கூடியது. கட்டிலருகே இருந்த கருவி அடிக்கடி கூவியது. அது கூவும்போதெல்லாம் நர்ஸ் வந்து குழந்தையின் தலையைச் சற்று நிமிர்த்துவாள், மூக்கிலிருந்து சளியை உறிஞ்சி எடுப்பாள், எண் ஏறும். அந்த எண் தொண்ணூறுக்குக் கீழே போகும் ஒவ்வொரு முறையும் அவர் கதவுவரை போய் நர்ஸ் வருகிறாளா என்று பார்ப்பார். மத்தியானம் அங்கே நிற்க முடியாமல் வராந்தாவுக்கு வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் மகளும் வந்தாள். இரண்டு நாளாகச் சீவாத தலை.

"என்மேலதாம்மா தப்பு" என்றார்.

வராந்தாவில் ஒரு தள்ளுவண்டி போயிற்று. அது தாண்டிப் போனபிறகு சொன்னாள்:

"நான் ஏன் நேரா உள்ள போகல தெரியுமாப்பா? எனக்கு அங்க உக்காந்திருக்கும்போதே தெரிஞ்சுது, இது சாதாரணம் இல்லன்னு. எல்லார் முன்னாடியும் நீங்க சத்தம் போடுவீங்கன்னு பயமா இருந்துச்சு. குழந்தைக்குப் பயந்தத விட உங்களுக்குப் பயந்துட்டேன். அத நெனச்சாத்தான் எனக்கு ஆறல."

கண்டக்டர் எத்தனையோ பேரிடம் வசவு வாங்கியவர். குடிகாரர்கள் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். இந்த வார்த்தை மாதிரி எதுவும் உள்ளே இறங்கியதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தார், பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே, துணி உலர்த்தியிருந்த ஒரு மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கருவி கூவியது. இருவரும் ஓடினார்கள்.

சனிக்கிழமை காலை குண்டு அழுதாள். முனகல் அல்ல, அழுகை. பசிக்கிற குழந்தை, பக்கத்து வார்டே திரும்பிப் பார்க்கும்படி போடுகிற சத்தம். நர்ஸ் சிரித்துக்கொண்டே, "இப்ப வாய்ல வெச்சுப் பாருங்க" என்றாள். குண்டு குடித்தாள். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள், மறுபடி குடித்தாள். கண்டக்டர் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று சிஸ்டர் ஒரு விஷயம் சொன்னாள். ஆம்புலன்ஸ் போனபிறகு கூடத்தில் டோக்கன் கூப்பிட ஆளே இல்லை. ஆனாலும் யாருக்குள்ளும் சண்டை வரவில்லை. அவரவர் அட்டையைப் பார்த்து அவரவர் போயிருக்கிறார்கள். கடைசியில் எல்லா அட்டையும் ஸ்டூல்மேல் அடுக்கி வைக்கப்பட்டிருந்ததாம்.

மத்தியானம் கூட்டம் வடிந்ததும் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். "டாக்டரம்மா, நீங்க சொல்றதுல முன்பாதி எனக்குத் தெரியும். பின்பாதியச் சொல்லுங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அத நானே உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கணும் கண்டக்டர்" என்று தொடங்கி, நிதானமாகச் சொன்னார். குழந்தை அமைதியா இருக்கும்போது, முழுசா ஒரு நிமிஷம், மூச்சை எண்ணணும். ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு அறுபது, ஒரு வயசுக்குள்ள அம்பது, அதுக்கு மேல அஞ்சு வயசு வரைக்கும் நாப்பது. அந்த அளவத் தொட்டாலோ தாண்டினாலோ காத்திருக்க வேண்டாம். விலாவுக்குக் கீழ பள்ளம் விழுந்தா, மூச்சுல முனகல் வந்தா, பால் குடிக்க முடியலன்னா, துணி நனையலன்னா, உதடு நீலமானா, எழுப்பினா சரியா முழிக்கலன்னா உடனே உள்ள. மூணு மாசத்துக்குள்ள இருக்கற கைக்குழந்தைக்கு ஜுரம்னாலே உள்ள. "சத்தம் போடறது காத்திருக்கும். சத்தமே போடாததப் பாருங்க."

அன்றிலிருந்து அவர் ஸ்டூலில் உட்காருவதில்லை. கால் மணிக்கு ஒரு தரம் கூடத்தைச் சுற்றுவார். சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்வார். "கொஞ்சம் காட்டுங்கம்மா, பயப்படாதீங்க" என்பார். பயந்த முகம் அவருடையதாகத்தான் இருக்கும். வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு அசந்து தூங்கிய ஒரு குழந்தையை ஒருநாள் பத்து பேரைத் தாண்டி உள்ளே கொண்டுபோய்விட்டார். டாக்டரம்மா பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். கூடமே முணுமுணுத்தது. கண்டக்டருக்கு வயசாயிடுச்சு என்றார் ஒருவர், அவர் காதில் விழும்படியே. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அடுத்த கால் மணிக்கு மறுபடி சுற்றினார்.

அந்த இரட்டைக் குழந்தைகளோடு அவள் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை வந்தாள், தடுப்பூசிக்கு. "பாப்பா எப்படி சார் இருக்கா?" என்று கேட்டாள். "பல்லு மொளச்சிடுச்சும்மா" என்றார். அவளுக்கு அன்றைக்கு எட்டாம் நம்பர். எட்டாவதாகவே போனாள்.

அடுத்த குளிர்காலத்தில் குண்டுவுக்கு மறுபடி சளி பிடித்தது. ஒன்றே கால் வயசு, நடக்கிறாள். முதல் தும்மலிலேயே கண்டக்டர் கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டார்.

"எண்ணிட்டேம்ப்பா" என்றாள் மகள். "முப்பது. வெளையாடறா, சாப்பிடறா. நீங்க வேலைக்குப் போங்க. ஒண்ணுன்னா நானே தூக்கிட்டு வந்துடுவேன். யாரையும் கேக்க மாட்டேன்."

"சரிம்மா" என்றார். போகவில்லை. குண்டுவை மடியில் உட்கார வைத்து, சட்டையை மேலே சுருட்டி, கடிகாரத்தைப் பார்த்தார். அவள் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால்தானே. இவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள், இறங்கி ஓடினாள், ஒழுகிய மூக்கை இவர் வேட்டியிலேயே துடைத்தாள். நாலு தடவை எண்ணி நாலும் பாதியில் போயிற்று. கடைசியில் அவள் தூங்கினபிறகுதான் எண்ண முடிந்தது. இருபத்தெட்டு.

அவர் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பினார். தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து, கதவைச் சத்தமில்லாமல் திறந்து, இன்னொரு தரம் எண்ணிவிட்டுப் போனார்.